மாரிகால மின்தடையும் எமது மா மில்லும்

ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால், எமது பகுதிகளில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. காவோலை கம்பியில் விழுந்தாலும் போகும். பூவரசு முறிந்து தூணில் சாய்ந்தாலும் போகும். 2020 டிசெம்பரில் புரவிச் சூறாவளி வன்னியைக் கடந்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மழையோடு தொடர்பில்லாத தடைகளும் உண்டு. 2022 மார்ச் மாத முடிவில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததாகச் சொல்லப்பட்டு, தீவு முழுவதும் மின்சாரம் நின்றது.

1990 களில் வடக்கில் மின்சாரம் அறவே இல்லாதிருந்த காலத்தை எம்மிற் பலர் கடந்து வந்தோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். ஜாம் போத்தலில் விளக்குச் செய்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். "அதையே பார்த்துவிட்டோம், இந்த இரண்டு மணித்தியால மின்வெட்டு என்ன செய்யும்?" என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். ஆனால் மின்சாரமே இல்லாத வீட்டில் மின்சாரத்தால் ஆபத்து இல்லை. அது போவதும் வருவதுமாக இருக்கும் வீட்டிலேதான் கை நசுங்குகிறது, மோட்டர் எரிகிறது, ஜெனரேற்றர் புகையில் ஆட்கள் மயங்குகிறார்கள்.

இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் வயலை விட்டு வந்தபின், சங்கக் கடனிலோ உறவினரின் கைமாற்றிலோ ஒரு சிறு மில்லைப் போட்டுப் பிழைக்கின்றன. மிளகாய்த்தூள், அரிசிமா, குரக்கன்மா, சில இடங்களில் கால்நடைத் தீவனம். ஒற்றைக் கட்ட மின்சாரத்தில் ஓடும் 2 அல்லது 3 பரிவலு மோட்டர், ஒரு பெல்ற், ஓர் அரைக்கும் பெட்டி. இவ்வளவுதான் சொத்து. மோட்டர் எரிந்தால் வருமானம் நிற்கும், கடன் நிற்காது. ஆகவே இந்த இதழில் மில்லையே முன்வைத்து எழுதுகின்றோம். தண்ணீர்ப் பம்ப், மரம் அறுக்கும் வாள், உழுந்து அரைக்கும் கிறைண்டர் வைத்திருப்போருக்கும் இவற்றுட் பெரும்பகுதி பொருந்தும்.

கரண்ட் நின்ற கணம்

மின்சாரம் நின்றவுடன் மில் நிற்பதில்லை. மோட்டருக்கு வலு இல்லாவிட்டாலும், உள்ளே சுழலும் சில்லு தன் வேகத்தில் இன்னும் சிறிது நேரம் ஓடும். சத்தம் தணிந்துவிடும், வெளிச்சமும் இல்லை. நின்றுவிட்டது என்று எண்ணிக் கையை விடுவோருண்டு. பெல்ற் அசையாமல் நிற்பதை ரோச் லைற் அடித்துக் கண்ணாற் பார்க்கும் வரை எவரும் கிட்டப் போகக்கூடாது. அந்த ரோச் லைற் வீட்டுக்குள் எங்கோ கிடந்து பயனில்லை. மில்லின் பக்கத்தில் ஆணி அடித்து, அதிலேயே தொங்க வேண்டும். குப்பி விளக்கையோ நெருப்புக்குச்சியையோ கொண்டுவர வேண்டாம். காற்றில் பறக்கும் நுண்ணிய மா தீப்பற்றக் கூடியது. மா அடர்ந்து மிதக்கும் சிறிய அறையில் அது சட்டென்று பெருந் தீயாகும்.

இரண்டாவது வேலை, சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிக் கையிலே எடுப்பது. சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். இருட்டில் யாராவது, "ஏன் மில் ஓடவில்லை?" என்று அதே சுவிச்சைத் தட்டிவிடலாம்; சிறுவர்களுக்கோ சுவிச்சு ஒரு விளையாட்டு. பிளக் கழன்று, பெட்டியைத் துப்புரவு செய்பவரின் கண்முன் கிடந்தால் இந்தப் பயம் இல்லை.

மூன்றாவதுதான் பெட்டிக்குள் எஞ்சிய தானியத்தை எடுப்பது. இதை அநேகர் செய்வதில்லை. "கரண்ட் வந்தவுடன் அதுவாக அரைபட்டுவிடும்" என்பர். இங்கேதான் மோட்டர் எரிகிறது. காரணத்தைச் சற்று விளக்குவோம்.

மோட்டர் ஏன் எரிகிறது?

நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது மோட்டர் வழமையாக எடுக்கும் மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை எடுக்கும். பெட்டி வெறுமையாக இருந்தால் ஓரிரு செக்கனில் வேகம் பிடித்துவிடும், மின்னோட்டமும் இறங்கிவிடும். பெட்டி நிறையத் தானியம் இருந்தால் சில்லு அசையாது. மோட்டர் 'ம்ம்ம்' என்று முனகும். அந்த ஐந்து ஏழு மடங்கு ஓட்டம் இறங்காமல் கொயிலிற் பாய்ந்துகொண்டே இருக்கும். வார்னிஷ் கருகிய வாசனை வரும்போது காரியம் முடிந்திருக்கும்.

இதை மேலும் மோசமாக்குவது குறைந்த வோல்ற்றளவு. எமக்கு வரவேண்டியது 230 வோல்ற்று; விதிப்படி அதில் நூற்றுக்கு 6 வீதம் கூடிக் குறையலாம், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. ஆனால் மின்சாரம் மீண்ட முதல் நிமிடங்களில், ஊரிலுள்ள குளிர்சாதனப் பெட்டிகளும் பம்புகளும் ஒன்றாகக் கிளம்பும்போது, இணைப்பின் கடைக்கோடியிலுள்ள வளவுக்கு அதைவிடக் குறைவாகவே வந்து சேரலாம். மோட்டரின் சுழற்றும் பலம் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 க்குப் பதில் 180 வந்தால் பலம் ஐந்தில் மூன்று பங்காகிவிடும். தானியம் அடைந்த பெட்டியை அது எப்படிச் சுழற்றும்?

ஆகவே மின்சாரம் வந்தவுடன் ஓடிப்போய்ச் சுவிச்சைப் போட வேண்டாம். ஒரு சாதாரண இழை மின்குமிழை அதே இணைப்பில் எரியவிட்டு, வெளிச்சம் சிவந்து மங்காமல், விட்டுவிட்டு ஏறி இறங்காமல் நிற்கிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். இன்றைய எல்.ஈ.டி. குமிழ்கள் இதற்கு உதவா. வோல்ற்றளவு விழுந்தாலும் அவற்றுட் பல ஒரே வெளிச்சமாகவே எரியும். வசதியுள்ளோர் பிளக்கிற் செருகும் சிறிய வோல்ற்றுமானி ஒன்றை வாங்கலாம். அதன்பின் வெறும் பெட்டியோடு மோட்டரைக் கிளப்பி, முழு வேகம் வந்தபின் தானியத்தைச் சிறிது சிறிதாகக் கொட்டுங்கள். முனகல் கேட்டால் இரண்டு மூன்று செக்கனுக்குமேல் பொறுக்காமல் நிறுத்திவிடுங்கள்.

சாதாரண சுவிச்சுக்குப் பதிலாக, பச்சை, சிவப்புப் பொத்தான்கள் கொண்ட ஸ்ராட்டர் பெட்டி பூட்டிய மில்களைக் கண்டிருப்பீர்கள். மின்சாரம் நின்றால் ஸ்ராட்டர் தானாகத் துண்டித்துக் கொள்ளும். மீண்டும் வந்தாலும், பச்சைப் பொத்தானை ஒருவர் அமுக்கும் வரை மோட்டர் கிளம்பாது. பெட்டிக்குள் கைவைத்திருப்பவரைக் காப்பாற்றுவது அதுவே. மோட்டரின் மின்னோட்டத்துக்கு ஏற்றபடி சரியாக வைக்கப்பட்ட மிகைச்சுமைத் துண்டிப்பானும் அதனுள் இருந்தால் மோட்டர் கருகுவதையும் பெரும்பாலும் தடுக்கும். மில் ஒன்றுக்குச் செலவழிக்க எம்மிடம் சிறிது பணம் இருந்தால், பெயின்றுக்கும் பெயர்ப்பலகைக்கும் முன் இதற்கே செலவழிக்க வேண்டும் என்பது எமது கருத்து.

மோட்டரின் முதுகில் உருளையாக ஒரு சிறு பெட்டி இருக்கும். அதனுள் இருப்பது கப்பாசிற்றர். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது மின்னைத் தேக்கி வைத்திருக்கும். பழக்கமில்லாதோர் அதைத் திறக்கவே கூடாது.

ஊறவைத்த அரிசி

இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் ஊறவைத்து வடித்த அரிசியைக் கொண்டுவந்து காத்திருக்கும் பெண்களை மின்தடை மிகவும் அலைக்கழிக்கும். அரையும் குறையுமாக அரைபட்ட ஈரமா பெட்டியின் சுவரில் ஒட்டி, விடியுமுன் சாந்து போல் இறுகும், புளிக்கவும் செய்யும். மறுநாள் அதன்மேல் மோட்டரைக் கிளப்பினால் பெல்ற் வழுக்கிப் புகையும். எனவே தடை அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கும் எனத் தெரிந்தால், பிளக்கைக் கழற்றியபின் ஈரமாவை முழுவதும் வழித்தெடுத்து உரியவரிடம் கொடுத்துவிடுங்கள். அரைபடாத அரிசியைப் பாயிலோ சுளகிலோ மெல்லிதாகப் பரப்பினால் சில மணித்தியாலம் கெடாமல் இருக்கும். அவசரமென்றால் உரலும் உலக்கையும் இருக்கின்றன. மழைநாட்களில் ஈர அரிசியைக் காலையில் வெளிச்சமுள்ள நேரத்திலும், மிளகாய், குரக்கன் போன்ற உலர்ந்தவற்றைப் பின்னேரத்திலும் என்று நேரம் பிரித்து அறிவித்தால் வாடிக்கையாளரும் பழகிவிடுவர்.

ஜெனரேற்றர் வாங்கலாமா?

தடை அடிக்கடி வரும்போது ஜெனரேற்றர் எண்ணம் வருவது இயல்பு. முதலிற் கணக்குப் பார்ப்போம். ஒரு பரிவலு என்பது 746 வாற்று. 2 பரிவலு மோட்டர் ஏறத்தாழ 1,500 வாற்று வேலை செய்யும். ஆனால் அதன் பொருட்டு 2,000 வாற்றுக்கு மேல் மின்னை உள்ளெடுக்கும். கிளம்பும் நேரத்தில் எடுப்பதோ, முன்பு கூறியதுபோல் பன்மடங்கு. ஆகையால் 2 கிலோவாற்று என்று எழுதிய சிறிய ஜெனரேற்றர் இந்த மோட்டரைக் கிளப்பாது. திணறி, வோல்ற்றளவு விழுந்து, மோட்டரையும் கெடுத்துத் தானும் கெடும். இரண்டு பரிவலுவுக்கு 5 கிலோவாற்று அளவிலேனும் ஒன்று தேவை. அத்தகைய ஒன்று குடிக்கும் எரிபொருள் கொஞ்சநஞ்சமல்ல. வாங்குமுன் எவரிடமாவது இரவல் பெற்று, தாங்கியை ஓர் அடையாளம் வரை நிரப்பி, ஒரு மணித்தியாலம் அரைத்துப் பார்த்து, மீண்டும் அதே அடையாளத்துக்கு நிரப்ப எத்தனை லீற்றர் சென்றதென அளவுங்கள். அந்த எரிபொருளின் விலையை அந்த நேரத்தில் அரைத்த கிலோவின் கூலியோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும். அநேக சிறு மில்களுக்கு இக்கணக்குக் கட்டாது.

அயலில் லான்ட்மாஸ்டர் உள்ளவர் இருந்தால் வேறு வழி உண்டு. அதன் எஞ்சின் சில்லிலிருந்து பெல்ற் போட்டு மில்லை நேரே ஓட்டலாம். எரிபொருளை மின்னாக்கி, மின்னை மீண்டும் சுழற்சியாக்கும்போது இழப்பது இங்கே இல்லை. ஆனால் மில்லுக்கு உரிய வேகத்துக்கு ஏற்றபடி சில்லின் அளவைத் தொழில் தெரிந்தவர் தீர்மானிக்க வேண்டும். நீண்ட பெல்றைச் சுற்றிக் கம்பி வலையாலோ பலகையாலோ மறைப்புக் கட்டாயம். சேலைத் தலைப்பும், தாவணியும், அவிழ்ந்த கூந்தலும், சாரத்தின் நுனியும் பெல்றிற் சிக்கினால் நிறுத்த நேரம் கிடையாது.

புகை: கண்ணுக்குத் தெரியாதது

ஜெனரேற்றரை வாங்கியவர்களும் இரவல் எடுத்தவர்களும் மழைக்குப் பயந்து, களவுக்கும் பயந்து, அதை வீட்டின் விறாந்தையிலோ, மில் கொட்டிலிலோ, பத்திக்குள்ளோ வைத்து ஓட்டுகின்றார்கள். இந்த விடயத்தில் வாசகர்கள் சற்று நின்று நிதானித்து வாசிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம்.

பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவாயினும் எஞ்சினில் எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வெளிவரும். பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களிலிருந்து மிக அதிகமாக வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது. நாம் முகரும் புகை நாற்றம் வேறு பொருட்களால் வருவது; நாற்றம் குறைந்த புது எஞ்சினும் இந்த வாயுவை வெளிவிடும். எமது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். காபனோரொட்சைட்டு அதனோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணையும். அதனால் காற்றில் ஒட்சிசன் தாராளமாக இருந்தும் உடல் மூச்சுமுட்டும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், கால் சோர்வு. பிறகு நித்திரை போன்ற மயக்கம். நித்திரையிலிருப்பவர் தலையிடியை உணராமலே இறந்துபோவார். ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் இல்லாமல் தலையிடியும் வாந்தியும் வந்தால், சாப்பாட்டைச் சந்தேகிக்குமுன் எஞ்சினைச் சந்தேகியுங்கள். வெளியே வந்தால் சுகமாகவும் உள்ளே போனால் மீண்டும் தலையிடியாகவும் இருப்பது இன்னொரு அடையாளம்.

யன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. எஞ்சின் எப்போதும் திறந்த வெளியில், வீட்டின் கதவு யன்னலிலிருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்தில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க, காற்று வீட்டை நோக்கி வீசாத பக்கத்தில் இருக்க வேண்டும். அயல் வீட்டாரின் யன்னலையும் கணக்கிற் சேருங்கள். முகாம்களிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் எமது 20 அடி அவர்களின் படுக்கைத் தலைமாடாக இருக்கக்கூடும். அப்படி இடமில்லாத வளவில் ஜெனரேற்றரே வேண்டாம் என்பதே எமது முடிவான கருத்து. மழைக்கு நான்கு தடிகளை நட்டு மேலே தகரம் போடலாம். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும், கிடுகாலோ தரப்பாளாலோ அடைக்கக்கூடாது. அடியில் கல் அடுக்கி ஓர் அடி உயர்த்தினால் ஓடும் வெள்ளம் தொடாது. களவுப் பயத்துக்கு, கட்டையொன்றைக் கொங்கிறீற்றில் புதைத்துச் சங்கிலி போடுங்கள். ஓடி முடிந்து ஆறியபின் உள்ளே எடுக்கலாம்.

யாரேனும் மயங்கியிருக்கக் கண்டால், எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். உள்ளே வாயு நிறைந்திருக்கும் என்பதை மறந்து அங்கு நின்று தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். "எஞ்சின் புகைக்குள் இருந்தவர்" என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒட்சிசன் கொடுப்பதே இதற்குச் சிகிச்சை.

கிணற்றுக்குள் எஞ்சினை இறக்குவோருக்கு

மில்லை விட்டுச் சிறிது விலகினாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளம் வடிந்த பின்னும், நீண்டகாலம் கைவிட்ட காணிக்குத் திரும்பியபோதும் கிணறு இறைப்பது எமது முதல் வேலை. மேலே வைத்த பம்ப் நடைமுறையில் 20 முதல் 25 அடி ஆழத்துக்குமேல் நீரை உறிஞ்சாது. மின்சாரமும் இல்லையென்றால், மண்ணெண்ணெய்ப் பம்பைக் கயிறு கட்டிக் கிணற்றின் இடைப்படியில் இறக்கி ஓட்ட எண்ணுவார்கள். கிணறு காற்றோட்டமில்லாத குழி. எஞ்சின் விடும் வாயு அங்கேயே தங்கும். துப்புரவு செய்ய இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் சகோதரனும் விழுவான்.

மெழுகுதிரியை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஒட்சிசன் மிகவும் குறைந்ததை மட்டுமே காட்டும். காபனோரொட்சைட்டு நிறைந்த கிணற்றிலும் திரி எரியும். ஆகவே எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே வேண்டாம். ஆழமான கிணற்றை வாளியும் கப்பியும் கொண்டு பலர் சேர்ந்து இறைப்பதே வழி. நீரில் மூழ்கும் மின்பம்ப் கிடைத்தால், ஜெனரேற்றரைக் கிணற்றடியிலிருந்து தூரத்தில் வைத்து இயக்கலாம்; ஆனால் மின்பம்ப் நீரிலிருக்கும் வேளையில் ஆள் கிணற்றுக்குள் நிற்கக் கூடாது.

இரட்டைப் பிளக் வயர்

சிலர் இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேற்றரை வீட்டுச் சுவரிலுள்ள துளையிற் செருகி, முழு வீட்டுக்கும் வெளிச்சம் கொடுக்கின்றார்கள். ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் உலோகக் கம்பிகள் வெறுமையாக 230 வோல்ற்றோடு கையில் இருக்கும். அதைவிடப் பெரிய தீங்கு வேறு. மெயின் சுவிச்சை நிறுத்த மறந்தால், அம்மின்சாரம் வீட்டிலிருந்து வெளிக்கம்பிக்குப் போய், மின்மாற்றியினூடாகத் தலைகீழாக ஏறி, 11,000 அல்லது 33,000 வோல்ற்றாக உயர்வழிக் கம்பியிற் பாயும். மின்சாரம் இல்லை என்று நம்பி, மழையில் நனைந்தபடி எமக்காகத் தூணில் ஏறி நிற்கும் தொழிலாளி அங்கே இறப்பார். வீட்டு வயரிங்குக்கு ஜெனரேற்றர் மின்சாரம் கொடுப்பதானால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இணையாதபடி செய்யும் சேஞ்ச் ஓவர் சுவிச்சைத் தகுதிபெற்ற மின்னியலாளர் பூட்ட வேண்டும். அது இல்லாதவரை மில்லின் பிளக்கை நேரே ஜெனரேற்றரிலேயே செருகுங்கள்.

அப்படி நேரே செருகும்போது ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். வீட்டு மெயின் பலகையிலுள்ள ட்ரிப் சுவிச் அப்போது மில்லைக் காவல் செய்வதில்லை. கால் ஈரமாக, வெறும் நிலத்தில் நின்று மில்லைத் தொடக்கூடாது. உலர்ந்த பலகை ஒன்றும் இறப்பர்ச் செருப்பும் வேண்டும். ஒட்டுப்போட்ட வயரை வேலிக் கம்பியோடு கட்டி இழுக்க வேண்டாம். இரவல் காணிகளில் அயல்வீட்டிலிருந்து இணைப்பெடுத்தோர் இப்படிச் செய்வதை அடிக்கடி காண்கின்றோம். மழையும் காற்றும் உராய்ந்து வயரின் தோல் கிழிந்தால், முட்கம்பி வேலி முழுவதிலும் மின்சாரம் ஏறும். ஆடு மாடு முதலிற் படும், பிறகு பிள்ளைகள். நீட்டு வயரைச் சுருளாக வைத்தபடி மில்லை ஓட்டினால் சுருள் சூடேறி உருகும், முழுவதும் விரித்துவிடுங்கள். மின்னியலாளரைக் கூப்பிட்டால், மில்லின் இரும்புச் சட்டத்துக்கு எர்த் இணைப்பு உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மெயின் பலகையின் ட்ரிப் சுவிச்சில் உள்ள சிறிய பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்த்தால், அது வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எரிபொருளும் விளக்கும்

ஓடிக்கொண்டிருக்கும் அல்லது சூடான எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்ற வேண்டாம். நிறுத்திக் கால் மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். புனலால் ஊற்றுங்கள், வெளிச்சத்துக்கு ரோச் லைற் மட்டும். சோடாப் போத்தலில் பெற்றோல் வைக்கும் வழக்கம் எமது வீடுகளில் இன்னும் போகவில்லை. தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது சோடாவாகவே தெரியும். மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சினைக் கிளப்பச் சிறிது பெற்றோல் வைத்திருப்பவர்கள் இரண்டையும் வேறு வேறு நிறக் கலன்களில், வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயைத் தவறி விளக்கில் ஊற்றினால் விளக்குத் தீப்பிடித்து வெடிக்கும்.

குப்பி விளக்கைப் பாவிப்போர் உயரமான போத்தலை விட்டுவிடுவது நல்லது. தட்டுப்பட்டுச் சரிந்து, எண்ணெய் சிந்தி உடுப்பில் பற்றுவதே அநேக எரிகாயங்களுக்குக் காரணம். இத்தகைய காயங்களுக்குச் சிகிச்சையளித்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் பார்த்துக் குள்ளமான, பாரமான கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்தார். இரு பக்கமும் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது. திருகு மூடி இருப்பதால் எண்ணெய் சிந்தாது. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது இதற்காகவே கிடைத்தது. இன்று சூரிய ஒளியில் மின்னேற்றும் சிறிய விளக்குகளும் வந்துவிட்டன. மில் கொட்டிலுக்கு அவையே உகந்தவை.

வெள்ளம் ஏறினால்

மழை விடாமல் பெய்து வளவில் நீர் ஏறத் தொடங்கினால், மெயின் சுவிச்சை உலர்ந்த நிலத்தில் நின்று நிறுத்தி, பெல்றைக் கழற்றி, மோட்டரை மேசைமேல் ஏற்றிவிடுங்கள். நான்கு ஆணிகளைக் கழற்றும் சாவி மில்லிலேயே தொங்கினால் இது கால் மணித்தியால வேலை. நீர் ஏற்கெனவே மெயின் பலகையை எட்டியிருந்தாலோ, நீரில் நின்றே அதைத் தொட வேண்டியிருந்தாலோ கிட்டப் போகாதீர்கள், மோட்டர் போகட்டும்.

மூழ்கிய மோட்டர் வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் கொயிலுக்குள் ஈரமும் சேறும் இருக்கும். ஓட்டிப் பார்க்க வேண்டாம். பார்த்த கணத்திலேயே எரிந்துவிடும், அல்லது தொட்டவருக்கு மின் தாக்கும். மூழ்கிய மோட்டர் அநேகமாகத் திருத்தக் கூடியதே. கொயில் கட்டுபவரிடம் அப்படியே கொண்டு செல்லுங்கள். அவர் திறந்து, நல்ல நீரால் சேற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தி, பெயாரிங்குக்குப் புதுக் கிறீஸ் இட்டு, கொயிலின் காவலை மெகர் கருவியால் அளப்பார். அளந்து சரியென்று அவர் சொன்ன பின்பே மோட்டரை மீண்டும் மில்லிற் பூட்டலாம்.